கப்பல்காரரின் பன்னிரண்டு ரீல்

படத்துக்குக் குரல் சேர்க்கத் தொடங்கிய திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்தப் படம் யாரைப் பற்றியதோ அந்தக் கப்பல்காரருக்கு அடுப்படிச் சாமான்களின் பெயரெல்லாம் தாய்மொழியில் மறைந்துபோயின. பயப்படாதீர்கள் கண்ணுகளா, வலி ஒன்றும் இல்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அவ்வளவுதான். அது கரண்டி என்று நம் மொழியில் தெரிந்தது. அம்மா அதை என்னவென்று சொல்வாள் என்பதுதான் தெரியவில்லை.

கடலுக்கு அப்பால் பிறந்தவர் அவர். கப்பலில் இயந்திரம் பார்க்க வந்து, காய்ச்சலில் கரையிறக்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவளைக் கண்டு, ஊரிலேயே பம்ப் பழுதுபார்க்கும் கடை போட்டுவிட்டார். அவள் வீட்டு பம்பைச் சரிசெய்யப் போன நாளில், தெரிந்த முப்பது சொல்லை வைத்துக்கொண்டு, "உங்க வீடு நான் வர்றது. ரிப்பேர் இல்லை. இருக்கிறது" என்று பெண் கேட்டார். பத்தொன்பது வருஷமாகத் தெரு அதைச் சொல்லிச் சிரித்தது. அவளுடைய அண்ணனே, "என்ன மாப்ள, ரிப்பேரா, இருக்கிறதா?" என்றுதான் நலம் விசாரிப்பார். அவள் அதையெல்லாம் நாவலாக எழுதினாள். ஒரு இயக்குநர் படமெடுக்க வந்தார்.

"ஹீரோ திக்கித் திக்கிப் பேசினா தியேட்டர்ல சிரிப்பாங்க அக்கா. சரளமா பேச வெச்சிடட்டுமா?"

சிரிப்பாங்க என்ற ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. "நல்லாவே பேசட்டும் தம்பி" என்றாள்.

ஞாயிறு விடுமுறை போக, நாளுக்கு ஒரு ரீலாகக் குரல் சேர்த்தார்கள். செவ்வாயன்று உறவுமுறைகள் போயின, புதனன்று வசவுகள், வியாழனன்று மழை, பனி, காற்று. காலியான இடத்திலெல்லாம் நம் மொழி வந்து பிசிறில்லாமல் உட்கார்ந்தது. கடைக்கு வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். கேலிக்கு வழியில்லாமல் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. கப்பல்காரருக்கு ஒரே ஒரு கவலைதான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவருடைய அம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள். எண்பத்தேழு வயது, கண் தெரியாது. மகன் என்றால் அவளுக்குக் குரல்தான். முதல் ஞாயிறன்று மிச்சமிருந்த சொற்களை வைத்துக்கொண்டு, பெற்றவளிடமே வெளியூர்க்காரனைப் போலத் திக்கினார்.

மறுநாள் மனைவி இயக்குநரிடம் ஓடினாள். "நிறுத்துங்க தம்பி. அவங்கம்மா கூப்பிடுவாங்க."

"தியேட்டரெல்லாம் சொல்லியாச்சே அக்கா."

பன்னிரண்டாவது ரீல் முடிந்த சனிக்கிழமை மாலை, கப்பல்காரருக்காகப் படத்தில் பேசிய குரல்காரர், தொண்டைக்கு இதமான வெந்நீர் பிளாஸ்க்கோடு வீடு தேடி வந்தார். "பத்து நாளா வாயில என்னென்னமோ வருதுங்க. கடையில சர்க்கரை கேக்கப் போனா வேற பாஷையில கேக்கறேன். வீட்டுக்காரி பக்கத்துல வர பயப்படறா."

சொற்கள் போன இடம் தெரிந்தது. அர்த்தம் மட்டும் அவரிடமும் போய்ச் சேரவில்லை. மறுநாள் தொலைபேசி மணி அடித்ததும் குரல்காரரே எடுத்தார். நாற்பது நிமிடம் பொழிந்து தள்ளினார். மறுமுனையில் கிழவி சிரிப்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க பேசினீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியலம்மா. அவங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்."

அவரிடமிருந்து ஒரு சொல்லையாவது திரும்பக் கற்றுக்கொள்ளக் கப்பல்காரர் முயன்றார். காதில் விழுந்தது நாக்கில் தங்கவில்லை. படம் மூன்று வாரம் ஓடியது, யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் அவள், பெண் கேட்ட வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். "உங்க வீட்டுக்கு ரிப்பேர் பார்க்க வரலை. உங்ககூட வாழ வந்திருக்கேன்" என்று தடங்கலில்லாமல் சொன்னார். அவள் எழுந்து போய், எரியாத அடுப்பை அணைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவே குரல்காரர் அழுதார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை. "ஏதோ கேட்டாங்க. நான் சரின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் அடிக்கவில்லை.

குரல்காரர் இன்றும் ஒன்பது மணிக்கு வருகிறார். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் கப்பல்காரரிடம் நாற்பது நிமிடம் பேசுகிறார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. பேசி முடிந்ததும் அவள் மூன்று டம்ளர் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள்.