கோணக் குண்டு

எங்கள் வீட்டில் துப்பாக்கி என் பேரில் இருக்கிறது. அதற்குக் குண்டு ஊற்றுவது என் வீட்டுக்காரர். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். என்னைப் பெற்ற அய்யாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அவர் போன பிறகு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அந்த நாட்டுத் துப்பாக்கியின் லைசென்ஸை என் பேருக்கு மாற்றினேன். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகம். கடலைக் கொல்லையில் பன்றியை விரட்ட வெடிச்சத்தமே போதும், அதற்குக் குண்டு வேண்டாம். குண்டு வேண்டியது எங்கள் ஊர்க் காளிக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு மட்டும்தான்.

அன்றைக்கு ஊருணிக்கு அந்தக் கரையில் நிற்கிற பனையில் ஒரு தேங்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இந்தக் கரையிலிருந்து எங்கள் வீட்டு ஆள் அதைச் சுட்டு உடைத்தால்தான் அம்மன் சப்பரம் கிளம்பும். மூன்று குண்டுக்குள் உடைக்க வேண்டும். தவறினால் அந்த உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும், போனால் போனதுதான். அய்யா இருந்தவரை அந்தப் பேச்சுக்கே இடம் வந்ததில்லை. இந்த வருஷம் நான் சுட வேண்டும். அடுத்த பங்காளி என் சித்தப்பா மகன் அய்யப்பன், சிங்கப்பூரில் சம்பாதித்து வந்து புது வீடு கட்டியிருப்பவன். அவன் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அவனுக்காக ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, பொம்பளை சுட்டு எந்த ஊரில் அம்மன் கிளம்பியிருக்கிறது என்று.

என் வீட்டுக்காரர் சோணைமுத்துவுக்கு உச்சிப்புளி ரோட்டில் பஞ்சர் கடை. அவசரம் என்பது அந்த மனுஷர் உடம்பிலேயே கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். நானோ தொட்டால் வெடிக்கிறவள். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் கண்ணில் பட்டால் கேட்டிருப்பேன், என்னத்தைப் பார்த்தீர்கள் என்று.

முதலில் அவர் கடையில் கிடந்த ஈயக் கட்டிகளைத்தான் உருக்கினார், கார்ச் சக்கரத்தில் பேலன்ஸுக்கு மாட்டுவார்களே, அது. ஊற்றி ஆறவைத்துவிட்டு, "கனகு, மோதிரம்" என்று அடுப்படிக்கு வந்து கையை நீட்டினார். அய்யா வைத்திருந்த பித்தளை அளவு வளையம் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது. என் கல்யாண மோதிரம் அதே அளவு என்று கண்டுபிடித்தவர் இவர்தான். குண்டு மோதிரத்துக்குள் தன் கனத்திலேயே நழுவி இறங்க வேண்டும். விரலால் தள்ளினால்தான் இறங்குகிறது என்றால் பெரிசு, பொத்தென்று விழுந்தால் சிறிசு. மாவுக் கையோடு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஒன்றுகூட இறங்கவில்லை. அந்த ஈயத்தில் வேறு என்னத்தையோ கலந்திருப்பார்கள் போல, கல் மாதிரி கெட்டி. அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள் என்றேன்.

"தேய்ச்சா உருண்டை கெட்டுப்போகும். கோணக் குண்டு நேராப் போகாது கனகு."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு தேவிபட்டினம் போனார். அங்கே வலை வியாபாரம் செய்கிற பாக்கர் பாய் அவருக்குச் சிநேகிதம். கிழிந்த வீச்சு வலைகளில் அறுத்துப் போட்டிருந்த ஈய மணிகளை ஒரு டப்பா நிறையக் கொடுத்து, "இது சுத்த ஈயம் மச்சான், நகத்தால கீறிப் பாருங்க" என்றாராம். கீறிப் பார்த்து, வழியெல்லாம் கீறிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

கொல்லைப்புறத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்பு மூட்டினார். பாத்திரம் கழுவப் போன என்னை விரட்டினார். கரண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஈயம் வெடித்துத் தெறிக்குமாம். குண்டு ஊற்றுகிற அச்சு சூடேறும் வரைக்கும் விழுந்ததெல்லாம் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துப் பெருமூச்சுவிட்டுத் திரும்பக் கரண்டியிலேயே போட்டார். நல்லதாக வந்தவற்றில், ஈயம் ஊற்றின இடத்தில் நீட்டி நின்ற மூக்கை நறுக்கி, துணியில் வைத்து நாள்கணக்கில் உருட்டினார். கடைசியில் மூன்றைத் தேர்ந்தெடுத்து என் கையில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெற்ற பிள்ளையை முதன்முதலாகத் தூக்கிக் காட்டியபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. மூன்றும் மோதிரத்துக்குள் மெல்ல நழுவி இறங்கின.

பொங்கலன்று சாயங்காலம் நாலு மணி. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியாகிவிட்டது. பனைக்குப் பின்னால் உயரமான மண்கரை, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாமல் காவல் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஊரே நின்றது, ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கொட்டு முழங்கியது. துப்பாக்கியைத் தோளில் வைத்தேன்.

நான் சின்னதிலிருந்து சுடுகிறவள். கை நடுங்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. நடுங்கியது. அய்யா நின்ற இடத்தில் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் குழல் முனை ஆட ஆரம்பித்துவிட்டது. முதல் குண்டு பனையில் அடித்துச் சிராய் தெறித்தது. தேங்காய் அசையாமல் தொங்கியது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னும் ஒரு குண்டு, அதுவும் போனால் அய்யாவின் உரிமை என் கையாலேயே போகும். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்றார். கூட்டத்தில் வாயே திறக்காதவர், மூன்றாவது குண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"தப்பு எம்மேலதான். குண்டு கோணலா ஊத்திட்டேன். மூணும் ஒரே ஊத்துல வந்தது, இதுவும் அப்படித்தான் இருக்கும். இதை உருக்கி நல்லதா ஒண்ணு ஊத்திக் குடுக்கேன், கொஞ்சம் பொறுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோணலா? அந்தக் குண்டா? பூசாரி அய்யப்பனைப் பார்த்தார். அவன் நல்ல பிள்ளை, சொல்லத்தான் வேண்டும்.

"மச்சான் ஊத்தட்டும். மூணாவது பாக்கிதான் இருக்குல்ல. அவசரமில்ல" என்றான்.

மழை இல்லாத மாதத்திலும் குடையோடு போகிற மனுஷர் என்பதால் கரண்டி, அச்சு, ஈயம் எல்லாம் பையிலேயே இருந்தன. பொங்கல் இறக்கிக் காலியான ஓர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். எரிக்க ஒரு பனைமட்டையை எடுத்தார், ஈரம் என்று தள்ளினார். இன்னொன்றை எடுத்தார். ஊதினார், இருமினார், கண்ணைக் கசக்கினார். ஊர் மொத்தமும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. "என்ன மச்சான், பஞ்சர் ஒட்டுற கைக்கு இது ஆகுமா?" என்றான் ஒருத்தன். "கோணக் குண்டு சோணை" என்று அதற்குள் பேரே வைத்துவிட்டார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஊதினார். கொட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். பிள்ளைகள் ஐஸ் வண்டிக்கு ஓடினார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது.

ஒருவழியாக ஈயம் உருகி, அச்சில் ஊற்றித் திறந்து, பளபளவென்று ஒரு குண்டைக் கிடுக்கியில் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "தண்ணியில போட்டு ஆத்தக் கூடாது, சூட்டோடயே கெட்டிக்கணும்" என்று ஏதோ கதை அளந்தார். மூக்கை நறுக்கித் துணியில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். சுடுமே என்று முந்தானையை மடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

குண்டு சில்லென்று இருந்தது. கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்ல குண்டு. பார்த்துச் சுடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கரண்டிக்குள் போனது வேறு ஏதோ ஈயத்துண்டு. அவர் உருட்டி உருட்டிச் செய்த மூன்றாவது குண்டு அலுங்காமல் என் கையில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கிக் கெட்டித்தேன். துப்பாக்கியைத் தூக்கினால் கை ஆடவில்லை.

தேங்காய் சிதறிப் போனது. குலவைச் சத்தம் கிளம்பியது. எல்லாரும் பனையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதித்தார். சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று கைதட்டினார்கள். புதுக் குண்டை வேட்டி மடிப்பில் சொருகியிருந்தார், அது பொசுக்கிவிட்டது.

ஓரமாக இழுத்துப்போய்ப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்திருந்தது. தண்ணீரில் துணியை நனைத்து வைத்தேன்.

"நல்ல குண்டை எதுக்குய்யா கோணல்னு சொன்னே?"

"நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னியே. அதைப் பாக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவருக்குப் பேசத் தெரியாது. அதற்குள் மைக்கில் ஒருத்தன், சப்பரம் தூக்குகிறவர்களைக் கூப்பிடுகிற சாக்கில், "அடுத்த வருஷமாச்சும் கோணக் குண்டு சோணை நேராக் குண்டு ஊத்திக்கிட்டு வரணும்னு கேட்டுக்கொள்கிறோம்" என்றான். ஊர் கொல்லென்று சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்தேன்.

"கனகு, வேணாம். பிறகு உன்னையத்தான் சொல்லுவாய்ங்க" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுக்காரர் ஊத்தின மூணு குண்டும் நல்ல குண்டு. தேங்காயை உடைச்சதும் அதுல ஒண்ணுதான், புதுசு இல்ல. ரெண்டு தடவை தப்பினது என் கை. நடுங்கிருச்சு. என் மானத்தைக் காப்பாத்த அந்த மனுஷன் தன் பேரைக் கெடுத்துக்கிட்டாரு. இனிமே யாராச்சும் அவரைக் கோணக் குண்டுன்னா, நான் இருக்கேன்."

அய்யப்பன்தான் முதலில் கையைத் தட்டினான். இனி ஒரு வருஷத்துக்கு என்னை நடுங்கி என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். சப்பரம் எழுந்தது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அடுப்பு ஓரத்தில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எத்தனையோ திட்டியிருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் பார்த்ததில்லை. கடைசியில் பாராட்டி அழவைத்தேன், அதுவும் மைக் போட்டு.