பதினாலாம் தேதி ராத்திரி

"பதினஞ்சாந்தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கப்பல் கெளம்பிடும். ஆளு வந்தாச்சா, வரலையான்னு பாத்துகினு நிக்க மாட்டாங்களாம்" என்று புருஷன் இளவழகன் சொன்ன நாளிலிருந்து ருக்குமணிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மாலத்தீவின் தென்கோடியிலிருந்து புறப்படுகிற கப்பல் அது. கடலுக்குள் முழுகிப் பவளப்பாறையும் மீனும் பார்க்க ஆசைப்படுகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பதினோரு நாள் சுற்றும். நடுவில் ஓர் ஊரையும் தொடாது. இளவழகன் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் கம்ப்ரஸர் ஓட்டியவன். கப்பலிலும் அதே மாதிரி வேலைதான். முழுகுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்று அடைக்க வேண்டும்.

"நீ அடைக்கிற காத்தையா மாமா அவங்க தண்ணிக்குள்ள மூச்சு வுடுவாங்க?"

"பின்ன, நீ அடைக்கிறதையா?"

"நான் அடைச்சா ஒருத்தரும் மேல வர மாட்டாங்க."

சிரித்தாளே தவிர, கவலை விடவில்லை. சுரங்கத்து கேட் பாஸை அவன் ஒப்படைத்துவிட்டான். மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கப்பலை விட்டால் அங்கேயும் வேறு ஆளை ஏற்றிக்கொள்வார்கள். இந்தப் பக்கமும் வேலை இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று ஆகிவிடும். சென்னையிலிருந்து மாலேவுக்கு வாரத்தில் இரண்டே நாள்தான் விமானமாம். ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

"நீ எதுக்கும்மா கவலைப்படறே? பிளான் நான் போட்டுத் தர்றேன்" என்றார் அய்யாசாமி. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் அவர்களுக்கு அடுத்த தெருக்காரர். சுரங்கத்து ஷிப்ட் ஆபீஸில் முப்பது வருஷம் யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். இளவழகனின் பயணத்தையும் ஒரு சார்ட்டில் கட்டம் போட்டு எழுதி, ருக்குமணி வீட்டுச் சுவரில் தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டிவிட்டு, ஸ்கேலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"பதிமூணு: ரெஸ்ட். போன் சிம் மாத்தணும், சொந்தக்காரங்களைப் பாத்துட்டு வரணும். பதினாலு சாயங்காலம் நாலு மணி: ஜெயகணேஷ் கார் வாசலுக்கு வருது. ஒன்பது மணி: ஏர்போர்ட். பதினாலு நைட் பன்னெண்டு முப்பத்தஞ்சு: பிளைட். விடியறதுக்குள்ள மாலே. அங்கேர்ந்து சின்ன பிளேன். பதினஞ்சு சாயங்காலம்: கப்பல்."

"மாலேல ஒரு நாள் தங்க ரூம் தருவாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரே சார்?" என்றான் இளவழகன்.

"ஏஜென்ட் சொல்லுவான். டிக்கெட்டைப் பாரு, தங்கறதுக்கு எங்க நேரம் இருக்கு? ரூமை முழுங்கிட்டான்."

சின்ன விமானத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று, பையைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தார்கள். பதினாறரை இருந்தது. ருக்குமணி வைத்த ஊறுகாய் பாட்டிலை அய்யாசாமி வெளியே எடுத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் பாட்டிலைத் திரும்ப வைத்து, இரண்டு லுங்கியை எடுத்தாள். டிக்கெட்டைத் தன் போனிலும் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். தினம் நாலு தரமாவது அதை எடுத்துப் பார்ப்பாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பதிமூன்றாம் தேதி. இளவழகன் காலையிலேயே நெல்லிக்குப்பத்துக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தான். ருக்குமணிக்கு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முதல் ஷிப்ட். இருபத்தெட்டு வயதிலேயே அவளை எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடுகிற வேலை. டூட்டி முடியப் பத்து நிமிஷம் இருக்கையில், நர்ஸ் புஷ்பவல்லியின் மேஜை முன்னால் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"பையன் பொறந்தது பன்னெண்டு இருபது. தேதி பதிமூணு. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் புஷ்பவல்லி.

எதிரே நின்றவன் சசிகுமார். சுரங்கத்துக்காரன். நேற்றிரவு வேலையில் இருக்கும்போது அவனுக்கு மகன் பிறந்திருந்தான். "சிஸ்டர், பன்னெண்டாந்தேதின்னு போடுங்க. பன்னெண்டாந்தேதி நைட் ஷிப்ட்ல இருந்தப்பதான் எனக்குப் போன் வந்துச்சு. ஷிப்ட் புக்குலயும் பன்னெண்டுதான் இருக்கு."

"உங்க ஷிப்ட் புக்குலயா கொழந்த பொறந்துச்சு? எங்க வார்டுலதானே பொறந்துச்சு?"

"ஒரே ராத்திரிதானே சிஸ்டர்?"

"ராத்திரி ஒண்ணுதான், தேதி ரெண்டு. பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும். உங்க மைன்ஸ்ல வேணா விடியற வரைக்கும் நேத்தாவே இருக்கட்டும்."

துடைப்பத்தைப் பிடித்தபடி ருக்குமணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"சிஸ்டர், பதினாலாந்தேதி பன்னெண்டு முப்பத்தஞ்சுன்னா அது எந்த ராத்திரி?"

"இன்னிக்கு ராத்திரி."

"நாளைக்கு இல்ல?"

"நாளைக்கு ராத்திரி பன்னெண்டு தாண்டினா பதினஞ்சாயிடுமே. ஏன், யாருக்கு?"

ருக்குமணி போனை நீட்டினாள். புஷ்பவல்லி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

"இன்னும் பதினோரு மணி நேரம்கூட இல்ல ருக்கு. உன் வூட்டுக்காரர் எங்க?"

இளவழகன் போன் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? வெளிநாட்டில் எடுக்கிற மாதிரி நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றக் கொடுத்திருந்தான். பழைய சிம் காலையிலேயே செத்துவிட்டது. புதுசுக்கு நாளைக்குத்தான் உயிர் வரும். அதுவும் சார்ட்டில் இருந்ததுதான்.

நெல்லிக்குப்பத்து நாத்தனார் மாணிக்கம்மாளுக்கு அடித்தாள்.

"அண்ணி, அவரு எங்க?"

"இப்பத்தான் சாப்ட்டு எழுந்தான். எங்க வூட்டுக்காரரு பஸ் ஏத்திவுடப் போயிருக்காரு. பண்ருட்டி போய் நெய்வேலி பஸ் மாறணும்ல. ஏண்டி, இப்படி மூச்சு வாங்குது?"

"இன்னிக்கு ராத்திரிதான் பிளேனு அண்ணி. நாளைக்கு இல்ல."

"அந்த சார் சார்ட்டு போட்டுக் குடுத்தாருன்னு பெருமையா சொன்னானே?"

"சார்ட்டுதான் தப்பு. அண்ணி, நான் சொல்றத கேளு. அண்ணனுக்குப் போன் போடு. பஸ்சு போயிட்டிருந்தா வண்டியில தொரத்தச் சொல்லு. பண்ருட்டில அவர நெய்வேலி பஸ்சு ஏற வுடக் கூடாது. வூட்டுக்கு வந்து திரும்பினா ரெண்டு மணி நேரம் போயிடும். அங்கியே நிறுத்தி வெக்கச் சொல்லு. நான் பையை எடுத்துகினு வரேன்."

சொல்லி முடித்த பிறகுதான், இவ்வளவையும் தானா யோசித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீ கெளம்பு, மீதி பத்து நிமிஷத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் புஷ்பவல்லி.

வண்டியை விரட்டி வடக்குத்துக்குப் போனபோது அய்யாசாமி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். முதலில் அவர் கோபப்பட்டார்.

"முப்பது வருஷம் இதே வேலைம்மா. பதினாலுன்னு போட்டிருக்கு, ராத்திரின்னு போட்டிருக்கு. பதினாலாந்தேதி ராத்திரி."

"பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடுமாம் சார்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு டிக்கெட்டைப் பார்த்தார். பார்த்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"பதினாலாந்தேதி ராத்திரி பத்து மணிக்கு உள்ள போறவன், விடிஞ்சு ஆறு மணிக்கு வெளிய வந்தாலும் பதினாலாந்தேதிக்காரன்தான். அப்படித்தாம்மா எழுதியிருக்கேன், எத்தனை ஆயிரம் பேருக்கு."

"பிளேன்காரனுக்கு அது தெரியாது சார்."

"அந்த ரூம்..." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "ஏஜென்ட் சரியாத்தான் சொல்லியிருக்கான். ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்கறதுக்குத்தான் ரூமே."

"சார், அப்புறம் உக்காந்துக்கலாம். கார் வேணும்."

ஜெயகணேஷுக்கு அடித்தார். "நாளைக்கு நாலு மணிக்குத்தானேண்ணே? மறக்கல. இப்ப திருவண்ணாமலை சவாரில இருக்கேன்" என்றான் அவன். அய்யாசாமி மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தன் காரின் சாவியை எடுத்தார். பத்து வருஷமாக அந்தக் கார் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை.

பை, பாஸ்போர்ட், மெடிக்கல் சர்டிபிகேட், ஏஜென்ட் கொடுத்த கடிதம். ருக்குமணி ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, பைலுக்குள் வைத்தாள். கார் கிளம்பியதும் மறுபடி பிரித்துப் பார்த்தாள். பாஸ்போர்ட் இருந்தது. படத்தில் அவன் முறைத்துக்கொண்டிருந்தான்.

"நாப்பதுக்கு மேல போவாதா சார் இந்த வண்டி?"

"டவுன்ஷிப்புக்குள்ள முப்பதும்மா."

"இது டவுன்ஷிப் இல்ல சார், மெயின் ரோடு. பின்னாடி லாரிக்காரன் திட்டறான்."

"திட்டட்டும். எனக்கு வேணும்."

ரோட்டு வேலை நடக்கிற இடங்களில் தூசி அடங்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. எதிரே நெய்வேலி பஸ் ஒன்று வந்தது. ருக்குமணி கழுத்தை நீட்டி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். அடுத்தது வந்தது, அதையும் பார்த்தாள். நீலச் சட்டை போட்டவன் எல்லாம் அவனாகவே தெரிந்தான். காடாம்புலியூர் தாண்டும்போது போன் அடித்தது.

"புடிச்சிட்டாரு" என்றாள் மாணிக்கம்மாள். "பண்ருட்டில நெய்வேலி பஸ்சுல சீட்டு போட்டு உக்காந்திருந்தானாம். சட்டையப் புடிச்சு எறக்கினதுல பட்டன் போச்சு. நான் குடுத்த முறுக்கும் நொறுங்கிப் போச்சாம்."

ருக்குமணி போனை மடியில் வைத்துவிட்டுச் சீட்டில் சாய்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் அய்யாசாமி.

"புடிச்சிட்டாங்க சார். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு வாசலில் இளவழகன் ஒரு கையில் முறுக்குப் பையும் மறு கையால் சட்டையின் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மணி மூன்று ஐம்பது. சென்னை பஸ் ஒன்று இன்ஜினை ஓடவிட்டபடி நின்றது.

"இதுலயே ஏறிடு" என்றார் அய்யாசாமி. "எட்டு மணிக்குக் கிளாம்பாக்கம். அங்க எறங்கி..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நான் சொல்றதைக் கேக்காதப்பா. கண்டக்டரைக் கேளு. ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறதுன்னு ரெண்டு பேரைக் கேளு."

"விடுங்க சார். நானும் டிக்கெட்டப் பாத்தேன், எனக்கும் நைட் ஷிப்ட்டுனுதான் தோணிச்சு" என்றான் இளவழகன். "ஒன்பது வருஷம் பழக்கம்."

அவனைப் பார்த்து ருக்குமணி சொல்ல நினைத்தவை எல்லாம் நாளைக்கென்று எடுத்து வைத்தவை. வார்டுச் சேலையோடு நின்றாள். லோஷன் வாடை அவளுக்கே அடித்தது.

"நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு வெக்கலாம்னு இருந்தேன்."

"வெச்சு நீயே தின்னு."

"தின்ன மாட்டேன்."

"ஊறுகா வெச்சியா?"

"வெச்சேன். ரெண்டு லுங்கி இல்ல."

"வாங்க வாங்க, எடுக்கப்போறேன்" என்றார் கண்டக்டர். அவன் ஏறிவிட்டான். பஸ் திரும்பும்போது ஜன்னலில் கை தெரிந்தது. அது அவன் கைதானா என்றுகூட அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்று அவள் தூங்கவில்லை. விடிகாலையில் செய்தி வந்தது. ஏர்போர்ட்டில் ஓசி நெட் பிடித்து அனுப்பியிருந்தான். 'மாலே வந்துட்டேன். கப்பல் ஆளு போர்டு வெச்சுகினு நின்னான். ரூம் இருக்குது. நாளைக்குக் காலையில சின்ன பிளேன்.' அய்யாசாமி வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டினாள். அவர் அதை மூன்று தரம் படித்துவிட்டு, "தேதி என்ன போட்டிருக்கு?" என்றார்.

"பதினாலு சார்."

"சரி" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. ருக்குமணி வெளியே வந்தாள். கழுவித் துடைத்த காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு ஜெயகணேஷ் நின்றிருந்தான்.

"நாலுன்னா நாலு. எங்க நம்மாளு? பையை எடுத்தாரச் சொல்லுக்கா."

"நேத்தே போயாச்சு."

"நேத்தா? நாளு பதினாலுன்னுதானே சொன்னாரு சாரு?"

தெருமுனையில் அய்யாசாமி வந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் அப்படியே நின்று, தலையில் கையை வைத்துக்கொண்டார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. ருக்குமணிக்கு நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "வாங்க சார், காப்பி போடறேன். நீயும் குடிச்சிட்டுப் போ ஜெயகணேஷ்."

பதினைந்தாம் தேதி அவள் வேலைக்குப் போனாளே ஒழிய, கண் போனிலேயே இருந்தது. சின்ன விமானம் மழையில் நின்றுவிட்டால்? பை எடை கூடிவிட்டால்? அந்த ஊறுகாய் பாட்டில் வேறு. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒரு படம் வந்தது. ஆள் இல்லை, கடல் இல்லை. ஒரு கம்ப்ரஸரும், பக்கத்தில் வரிசையாகச் சிலிண்டர்களும்தான். 'ஏறிட்டேன். நம்ம மிஷினைவிட இது சின்னது. இனிமே சிக்னல் இருக்காது.'

வீட்டுக்கு வந்த அய்யாசாமியிடம் படத்தைக் காட்டினாள். அவர் சுவரில் இருந்த சார்ட்டின் முன்னால் போய் நின்றார். பதினைந்து என்ற கடைசிக் கட்டம் ஒன்றுதான் அதில் சரியாக இருந்தது.

"பதினோரு நாள். இருபத்தாறாந்தேதி கரைக்கு வருவாங்க, அப்ப போன் வரும்" என்றார்.

"பகல்லயா சார், ராத்திரியா?"

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அதை அவளிடம் நீட்டினார்.

"நீயே எழுதிக்கம்மா."

ருக்குமணி சார்ட்டின் அடியில் 'இருபத்தாறு' என்று எழுதினாள். யோசித்து, அதற்குக் கீழே 'இருபத்தேழு' என்றும் எழுதி வைத்தாள்.