வெளியாள் என்று ஒரு வரி

பம்ப் உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் எது பழுதானாலும் கம்ப்யூட்டர் பார்க்கும் சிஸ்டம்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவர்தான், சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் அவர்தான். இந்த லட்சணத்தில், எல்லாருடைய மின்னஞ்சலையும் இணையத்தில் இருக்கும் கிளவுடுக்கு மாற்றும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒரே மூச்சில் மாற்றிவிட முடியாது. பாதிப் பேரின் அஞ்சல்பெட்டி கிளவுடில், மீதிப் பேருடையது மாடிப்படிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் பழைய சர்வரில். ஆனால் எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அந்த வித்தியாசம் தெரியவே கூடாது. இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு, ஒரே குடும்பம்தான் என்று ஊரை நம்பவைக்கிற வேலை. வாரக்கணக்காக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

அன்று மதியம், கிளவுட் பிடித்துவைத்திருந்த அஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சர்வர் அனுப்புவதை கிளவுட் நம்பவில்லை. காரணம் இவர்தான். தான் யாரென்று சர்வர் காட்டும் சான்றிதழைப் புதுப் பெயரில் புதுப்பித்தவர், கிளவுட் பக்கம் பழைய பெயரையே விட்டுவிட்டார். கிளவுடைப் பொறுத்தவரை, கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஊர்பேர் தெரியாதவன் வாசலில் நிற்கிறான். சாதாரண அஞ்சல்களின் தலையில் ‘எச்சரிக்கை: இதை அனுப்பியவர் வெளியாள்’ என்று ஒரு மஞ்சள் வரியை ஒட்டி உள்ளே விட்டது. கூடவே கோப்பு எதையாவது சேர்த்து அனுப்பியிருந்தால் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது.

பிடிபட்டவற்றில் ஒன்று மாப்பிள்ளையுடையது. அதாவது, சிஸ்டம்காரருடைய தங்கையின் கணவர். இதே கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். மேனேஜருக்கு எழுதியிருந்தார். தலைப்பு, ராஜினாமா.

அடுத்தவர் கடிதத்தில் கைவைப்பதில்லை என்பது சிஸ்டம்காரர் இத்தனை வருடமாகக் காத்துவந்த ஒரே வைராக்கியம். திறந்துவிட்டார்.

‘ஐயா, உங்களிடமிருந்து வரும் ஒவ்வொரு பதிலிலும், கீழே இருக்கும் என் கடிதத்தின் தலையில் வெளியாள் என்று போட்டிருக்கிறது. வெளியாளுக்கு உள்ளே என்ன வேலை? கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்த்து அனுப்பியுள்ளேன்.’

மாப்பிள்ளை சொந்தமாகக் கடை வைத்து நொடித்துப்போனவர். யாரிடமும் கைகட்டி நிற்கமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட மனுஷனை, தங்கை அழுது, இவர் மேனேஜரிடம் பல்லைக் காட்டி, எப்படியோ ஸ்டோரில் சேர்த்துவிட்டார்கள். இப்போதுதான் தங்கை வீட்டில் சண்டை ஓய்ந்திருந்தது. இந்த வேலையும் போனால் அவர் இன்னொரு இடத்தில் படியேற மாட்டார். தங்கை பாடு திண்டாட்டம்தான்.

சிஸ்டம்காரர் எழுந்து ஸ்டோருக்குப் போனார். மாப்பிள்ளை ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, உங்க லெட்டரைப் பாத்தேன்.”

“மேனேஜருக்குப் போட்டது உங்க கைக்கு எப்படி வந்துச்சு மச்சான்?”

“அவருக்குப் போய்ச் சேரவே இல்ல. நடுவுல மாட்டிக்கிச்சு. அந்த வெளியாள் சமாச்சாரம், யாரும் உங்களப் பாத்துப் போட்டதில்ல. மிஷின் தானா போடுது. ஒரு பேரை மாத்த மறந்துட்டேன். தப்பு என்னோடது.”

“என் ஒருத்தனுக்கு மட்டுமா?”

“பழைய சர்வர்ல இருக்கற எல்லாருக்கும்தான். ஸ்டோர்ல நெட் லைன் மெதுவா இருக்கு, அதான் கிளவுடுக்கு மாத்தறதுல உங்கள கடைசில வச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

“கடைசில இருக்கறவங்கள வீட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு கேன்டீன்ல பேச்சு.”

“கேன்டீன்ல ஆயிரம் பேசுவாங்க.”

மாப்பிள்ளை டேப்பைக் கீழே வைத்தார்.

“நேத்து உங்களுக்கும் ஸ்டாக் விவரம் எழுதி அனுப்பினேனே. அதுலயும் அப்படித்தான் வந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை.

“வந்துச்சு.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன். நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மச்சான். மேனேஜர் சொல்லல, அக்கவுண்ட்ஸ்ல சொல்லல, சரி. நீங்களும் பாத்துட்டு சும்மா இருந்திருக்கீங்க.”

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் சிஸ்டம்காரரால் தாங்க முடியவில்லை. அலுப்பாக இருந்தது என்று சொன்னால் அது ஒரு பதிலா? ஆனால் உண்மையான பதில் அதுதான். சொந்த மாப்பிள்ளையின் தலையில் வெளியாள் என்று ஒட்டியிருந்ததை, இன்னொரு பிழை என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார். வெட்கமாக இருந்தது.

“இப்ப அந்த லெட்டரை என்ன பண்ணட்டும்?” என்றார்.

மாப்பிள்ளை பெட்டியின் மேல் முகவரிச் சீட்டை வைத்து உள்ளங்கையால் நீவினார். அது ஒட்டியபிறகும் நீவிக்கொண்டிருந்தார்.

“எழுதறத எழுதிட்டேன். வாபஸ் வாங்கற பேச்செல்லாம் நம்மகிட்ட கிடையாது.”

“சரி.”

“ஆனா போய்ச் சேரலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மிஷின் கோளாறு. ரெண்டாம் தடவ எழுதற பழக்கமும் எனக்கில்ல.”

சிஸ்டம்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று, இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

அறைக்கு வந்ததும் கிளவுட் பக்கம் இருந்த சான்றிதழ்ப் பெயரை மாற்றினார். அவ்வளவுதான் வேலை. இதைத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். பிடிபட்டிருந்த அஞ்சல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். ராஜினாமாவை மட்டும் அழித்தார். வைராக்கியம் ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை காற்றில் பறந்தது, பறக்கட்டும்.

பிறகு ஸ்டோருக்குப் போன் போட்டார்.

“சரி பண்ணிட்டேன் மாப்பிள்ளை. எனக்கு ஒரு மெயில் போடுங்க, எப்படி வருதுன்னு பாக்கறேன்.”

“என்ன எழுத?”

“எதையாவது எழுதுங்க.”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. திரும்பவும் எங்கோ மாட்டிக்கொண்டதோ என்று பயந்து, பழைய சர்வரில் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. மனுஷன் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். கடைசியில் வந்தது. மஞ்சள் வரி இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

‘இப்போது என்னை யாரென்று காட்டுகிறது மச்சான்?’

சிஸ்டம்காரர் பதில் எழுத விசைப்பலகையில் கை வைத்தார். எழுதாமல் எடுத்துக்கொண்டார். கால் இரண்டும் கெஞ்சின. ஆனாலும் இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்து, மறுபடி ஸ்டோருக்கு நடந்தார்.