இரவல் கட்டில்கள்

ஏட்டு நல்லக்கண்ணு பூட்ஸைக் கழற்றாமலே உள்ளறைக்குள் போய்விட்டார். அவருக்கு முந்திக்கொண்டு ஓடிய செந்தில்வேல், கட்டிலில் கிடந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். தலையணையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க முடியுமா? பயம் வந்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

"ரெண்டு ஆம்பள, ஒத்தக் கட்டிலு. என்னலே இது?" என்றார் ஏட்டு.

நெருக்கடி நிலைக் காலம். யாரை எதற்குப் பிடித்தாலும் கேட்க நாதியில்லை. போன மாதம்தான் துறைமுகத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த இரண்டு ஆண்களைப் பிடித்து, முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவு என்று மிரட்டி, அடித்துத் தெருவோடு நடத்திக் கூட்டிப்போனார்கள். அதில் ஒருவன் ஊரைவிட்டே போய்விட்டான். அன்றிலிருந்து செந்தில்வேலின் கை தையல் மிஷினில் இருந்தாலும் காது வாசலில்தான் இருந்தது.

அவன் ஓட்டப்பிடாரத்துக்காரன். பாஸ்கல் இந்த ஊர்க்காரன், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. வருடக்கணக்காக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. தெருவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததைப் பேசாமல் இருக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். அது அந்தத் தெருவுக்கு இருந்தது. நேற்றுத்தான் கரைக்கு வந்திருந்த பாஸ்கல், கைகளைக் கட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றான். வாயைத் திறந்தால் கையும் சேர்ந்து நீளும் என்று அவனுக்கே தெரியும். அதனால் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா மீன் கழுவிய கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு கட்டிலு எங்க வீட்டுலல்லா கெடக்கு ஏட்டையா! மருமவ பிள்ளப்பேறுக்கு இரவலா வாங்கிட்டுப் போனோம்."

செந்தில்வேலுக்கே அது புதுச் செய்தி. பிறந்ததிலிருந்து அவன் ஒரே ஒரு கட்டில்தான் வாங்கியிருக்கிறான்.

"சாயங்காலம் வருவேன். அந்தக் கட்டிலு இங்கன கெடக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல வந்து படுத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு ஏட்டு சைக்கிளில் ஏறினார்.

மத்தியானம் ஆயிற்று. ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, செந்தில்வேல் அதைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் தோணிக்கே போயிருதேன் வேலு. இனிமே அங்கனயே படுத்துக்கிடுதேன்."

"போ. நானும் எங்க ஊருக்குப் போறேன். இந்த வீட்டுல ஏட்டையா குடியிருக்கட்டும்," என்று வெடுக்கென்று சொன்னவன், அடுத்த நிமிடம் பிரித்த சட்டையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வெயில் தாழ்ந்ததும் ஏட்டு சொன்னபடி வந்து நின்றார். பிளாரன்ஸ் அக்காவும் அவள் மகனும் நார்க்கட்டிலைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். வைத்து நிமிர்வதற்குள், இட்லிக்காரப் பேச்சி தலையில் ஒரு கட்டிலோடு வந்தாள்.

"வேலு, இரவலு வாங்குன கட்டில திருப்பித் தர மறந்தே போனேன் பாரு!"

பிளாரன்ஸ் அக்கா பல்லைக் கடித்தாள். "ஏளா, நான்தான் கொண்டாரேன்லா. ஒன்னய யாருளா கேட்டா?"

தெருவுக்குள் சேதி பரவியதே தவிர, யார் கொண்டுபோவது என்று யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்தாற்போல மேற்கே இருந்து வந்தது ஒரு பெரிய வேப்பமரக் கட்டில். நான்கு பேர் சுமந்தார்கள். முன்னால் வந்தவன் வில்பிரட். பாஸ்கலோடு ஒரே தோணியில் போனவன்; விஷயம் தெரிந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன். அது அவனுடைய கல்யாணக் கட்டில்.

"இதுவும் இவன்ட்ட வாங்குனதுதான்," என்றான், பாஸ்கலைப் பார்க்காமலே.

காலையிலிருந்து கட்டியே இருந்த பாஸ்கலின் கைகள் அப்போதுதான் அவிழ்ந்தன. ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தான்.

ஏட்டு கட்டில்களைப் பார்த்தார், செந்தில்வேலைப் பார்த்தார்.

"ஏலே, நீ தையக்கட வச்சிருக்கியா, ஆஸ்பத்திரி வச்சிருக்கியா?"

பேச்சிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிறகு தெருவே சிரித்தது.

"எல்லாரும் பொய் சொல்லுதிய!" என்றார் ஏட்டு.

"ஆமா," என்றாள் பிளாரன்ஸ் அக்கா. "தெருவே சொல்லுதோம். கூட்டிட்டுப் போறதுன்னா மொத்தமா கூட்டிட்டுப் போங்க. கட்டிலோட வாரோம். ஸ்டேஷன்ல போட எடம் இருக்கா?"

ஏட்டு சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். அந்தக் குறுகிய தெருவை அடைத்துக் கட்டில்கள் கிடந்தன. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டியிருந்தது. "திரும்ப வருவேம்லே!" என்று அந்தப் பக்கம் போய் நின்று கத்தினார்.

"வாங்க, படுக்க எடமிருக்கு," என்றான் வில்பிரட்.

வேப்பமரக் கட்டில் வாசலுக்குள் நுழையவில்லை. எல்லாம் தெருவிலேயே கிடந்தன. பிள்ளைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். கடல் காற்று ஏறியது. செந்தில்வேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் சிரித்தான்.

பாஸ்கல் வீட்டுக்குள் போனான். வரும்போது கையில் இரண்டு தலையணைகள். செந்தில்வேலின் சிரிப்பு அப்படியே நின்றது. அத்தனை பேருக்கு முன்னால் பாஸ்கல் அவற்றை வேப்பமரக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். தெரு வில்பிரட்டைப் பார்த்தது. வில்பிரட் தலையணைகளைப் பார்த்தான்.

"இந்தக் காலு ஆடும்லே," என்று சொல்லிவிட்டு, அவன் மண்ணில் குத்தவைத்து, கட்டில் காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு ஒன்றைச் செருகினான். ஆட்டிப் பார்த்தான். இன்னொரு சில்லைத் தேடினான்.