ஒட்டுக்கம்பி

கடைசிப் பல்லில் ஒட்டியிருந்த இரும்புப் பொட்டும் குறட்டில் மாட்டி, பெயர்ந்து, தட்டில் டிக்கென்று விழுந்தது. பேச்சிமுத்து எண்ணிக்கொண்டே இருந்தார். மேலே பத்து, கீழே பத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டும்போதும் பக்கத்தில் நின்று எண்ணியவர்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது. டாக்டர் என்றால் எதையாவது உள்ளேயே விட்டுவைத்து, அதற்காகவே மறுபடி வரச் சொல்கிற ஆள் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி எந்த டாக்டரும் இதுவரை அவரிடம் நடந்துகொண்டதில்லை.

டாக்டரம்மா கிருபாவதி கையகலக் கண்ணாடியை எடுத்து அவர் மகள் சுப்புத்தாயிடம் கொடுத்தார். சுப்புத்தாய் உடனே சிரித்துவிடவில்லை. நாக்கை மேல்பல்லின் மேல் ஓட்டிப் பார்த்தாள். பிறகு வாயை மூடினாள். உதடு மூடிக்கொண்டது. இருபத்து மூன்று வருஷமாக அந்த மேலுதடு முழுசாக மூடியதே இல்லை. பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் அந்தப் பல்லைப் பார்த்து காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. இப்போது மூடிய உதட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவளைப் பேச்சிமுத்துவால் நேராகப் பார்க்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணை உற்றுப் பார்ப்பது மாதிரி கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதோடு முடியவில்லை என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். பல் இப்போதுதான் புது இடத்துக்கு வந்திருக்கிறது, அங்கே வேர் இறுகவில்லை, சும்மா விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும், பிடித்து வைக்க ஒன்று போட வேண்டும் என்றார். அதில் இரண்டு தினுசு. ஒன்று கழற்றி மாட்டுவது. மேலண்ணத்தில் உட்காருகிற மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு தட்டு, முன்பல்லைச் சுற்றி ஒரு கம்பி. சாப்பிடும்போது கழற்றிக் கழுவி வைக்கலாம். ஒரு வருஷம் ராப்பகலாகப் போட வேண்டும், அதற்குப் பிறகு தூங்கும்போது மட்டும். இன்னொன்று ஒட்டுக்கம்பி. பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவது. யார் கண்ணுக்கும் தெரியாது, கழற்றவும் வேண்டாம். ஆனால் பசை விட்டுப்போனால் தெரியாமலே பல் நகர்ந்துவிடும். அதனால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

பேச்சிமுத்துவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தோட்டத்து மோட்டாரைக் காயில் கட்டி மாட்டிவிட்டு, அடுத்த வாரம் பேரிங்கையும் பார்த்துவிடலாம் என்கிற மெக்கானிக் கண்ணில் வந்து நின்றான். ஆனால் ஆறு மாசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எரிச்சல் அப்படியே நின்றுவிட்டது. டாக்டரம்மாவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவரும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். தைக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை என்று பேச்சிமுத்து மனசுக்குள் போட்டுப் பார்த்தார்.

அச்சு எடுத்து வைத்துக்கொள்கிறேன், சாப்பிட்டுவிட்டு வந்து முடிவைச் சொல்லுங்கள், எதுவானாலும் நாலு மணிக்குள் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார் டாக்டரம்மா.

இந்த இரண்டு வருஷமும் மாசத்தில் ஒரு சனிக்கிழமை கம்பி முறுக்க மதுரைக்கு வந்துபோனார்கள். அனுமந்தன்பட்டியில் ஏறினால் உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் டாக்டரை வைதுகொண்டேதான் பேச்சிமுத்து பஸ் ஏறுவார். இழுத்தடிக்கிறாள், இதை ஒரே நாளில் முறுக்கினால் என்ன என்பார். ஆனால் முதல் நாளே வேட்டியைத் துவைத்து நீலம் போட்டு வைத்திருப்பார்.

வீட்டில் அப்பனும் மகளும் பேசிக்கொள்வது குறைவு. பெண்டாட்டி பாண்டியம்மாள் போய்ச் சேர்ந்த நாலு வருஷத்தில் அது இன்னும் குறைந்துபோனது. அவர் விடிய வயலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் போய்விடுவார். அவள் உத்தமபாளையத்துக்கு டைப் அடிக்கப் போய்விடுவாள். ஒருத்தர் தின்ற தட்டை இன்னொருத்தர் பார்த்தால் உண்டு. பஸ்ஸில் அப்படி இல்லை. இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் மூன்று மணி நேரம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தால் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். பெண்டாட்டியைத் தான் முதலில் பார்த்தது வீரபாண்டித் திருவிழாவில் என்பதை மகளிடம் அவர் சொன்னது ஆண்டிபட்டிக் கணவாயில்தான். டைப் மிஷினில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று அவள் அவருடைய முழங்காலில் விரலால் அடித்துக் காட்டியது தேனி தாண்டித்தான். கம்பி முறுக்கிய அன்று அவளால் மெல்ல முடியாது. ஓட்டலில் இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுப் பிசைந்து அவள் பக்கம் தள்ளுவார். அதையெல்லாம் வீட்டில் செய்கிற ஆள் இல்லை அவர். ஊரில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக வந்த கூட்டம் காப்பியை முழுசாகக் குடித்தது. மாப்பிள்ளை கர்ணனுக்குப் பூனாவில் மிலிட்டரி டிப்போவில் வேலை. மாப்பிள்ளையின் தாயார் அக்கம்மாள் விவரமான பொம்பளை. கம்பி கழற்றிய பிறகே கல்யாணம், போட்டோவில் பல் நன்றாக விழ வேண்டும் என்று சிரித்தாள். பூ வைத்த அன்று, சபையில், நல்ல மனசோடு இன்னொன்றும் சொன்னாள்.

“அண்ணே, தப்பா எடுக்காதீக. ஆத்தா இல்லாத வீடு. ஆடிக்கு அழைக்கணும், தலப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நீங்க மெனக்கெட வேணாம். ஒத்த ஆம்பள என்னத்தச் செய்வீக? எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்.”

சபை மெச்சியது. இப்படி ஒரு சம்பந்தி யாருக்கு வாய்க்கும் என்றார்கள். பேச்சிமுத்துவும் தலையை ஆட்டினார். இரண்டு நாள் கழித்துப் பந்தலுக்குள் நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வர இந்த ஊரில் என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் அந்தம்மா ஒரே வாயில் வெட்டிப் போட்டுவிட்டாள். வெட்டுக்கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றார். கோபப்படவும் வழியில்லை. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆத்தா இல்லாவிட்டாலும் பல் இருக்கிறதே என்று இப்போது தோன்றியது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் வரச் சொன்னால் எந்தச் சம்பந்தி மறுப்பாள்?

ஓட்டலில் சோறு வந்தது. ஒட்டுக்கம்பிதான் நல்லது என்று பேச்சிமுத்து ஆரம்பித்தார். தட்டு என்றால் கழற்றி எங்கேயாவது வைப்பாய், எலி தூக்கிக்கொண்டு போகும் என்றார். மாமியாக்காரி டம்ளரில் கிடக்கிற பல்செட்டைப் பார்த்தால் கிழவியைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்பாள் என்றார். ரோஸ் கலர் தட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பேசுவது என்றார். அவ்வளவு பேச்சு அவரிடம் இருக்கும் என்று அவருக்கே தெரியாது. சுப்புத்தாய் அப்பளத்தை நொறுக்கிக் கடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கடிக்கிற அப்பளம். அந்தச் சத்தம் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இடைஞ்சலாகவும் இருந்தது.

அவர் முடித்ததும் அவள் தண்ணீர் குடித்தாள்.

“அய்யா, ஒட்டுக்கம்பின்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் வரணும். அதுக்குத்தான?”

“உம் பல்லுக்குத்தான் ஆத்தா சொல்றேன். எனக்கென்ன.”

“பூனாவுல இருந்து ரெண்டு நா ரயிலு. அவுக லீவு போட்டுக் கூட்டிட்டு வரணும். மொதத் தடவ வருவேன். ரெண்டாந்தடவயும் அழுது பிடிச்சாவது வந்துருவேன். மூணாந்தடவ, ஏன், இங்கன பல் டாக்டரே இல்லையாம்பாக. அதுவும் நெசந்தான. நீங்க இங்கன பஸ்ஸு பஸ்ஸா எட்டிப் பாத்துக்கிட்டு நிப்பீக.”

“நான் எவனுக்கும் ரோட்டுல நின்னு பாத்தவன் இல்ல.”

“பரீச்ச எழுதிட்டு நான் பிந்தி வந்தன்னைக்கு நாலு பஸ்ஸ விட்டுட்டு நின்னீகளாம். அழகுமலை கடையில சொல்லிச் சிரிக்கிறாக.”

பேச்சிமுத்து ரசத்தை இலையில் ஊற்றிக்கொண்டார். ஊற்றியது அதிகமாகி இலையை விட்டு ஓடியது. அன்றைக்கு மண்வெட்டிக்குப் பிடி வாங்க நின்றேன் என்று சொல்லலாம் என்று பார்த்தார். சொன்னால் அவள் சிரிப்பாள். அந்தப் புதுப் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். ஓடிய ரசத்தை வழித்து இலைக்குள் தள்ளினார்.

“கழட்டி மாட்டுறதுன்னா எம் பொறுப்பு,” என்றாள். “பல்லு கோணிச்சுன்னா நான் போடலைன்னு அர்த்தம். அதுக்கு யாரும் யாரையும் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. எனக்கும் அங்கன போயி அய்யா நிக்கிறாரே நிக்கிறாரேன்னு இருக்க முடியாது.”

மூடிய இலையை அவள் மறுபடி ஒரு தடவை மடித்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போனார்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினார்கள். டாக்டரம்மா என்ன முடிவு என்று கேட்டார். கேட்டது இவளை. ஆனால் சுப்புத்தாய் வாயைத் திறக்காமல் அப்பனைப் பார்த்தாள். ஓட்டலில் அவ்வளவு பேசியவள், அடுத்த ஆள் முன்னால் அப்பனை மீறிப் பேச மாட்டாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தது. டாக்டரம்மாவும் இவர் பக்கம் திரும்பினார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதைக் கழற்ற அவளால் முடியாது. மறுத்துப் பேசவும் மாட்டாள். தைக்கும் ஆடிக்கும் பஸ் வந்து நிற்கும், முதல் இரண்டு தடவையாவது நிற்கும். பேச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கழட்டி மாட்டுறதே போடுங்கம்மா,” என்றார்.

டாக்டரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே பார்த்து ஆளிடம் சொன்னார். பேச்சிமுத்து விடவில்லை. ஏமாறக் கூடாது என்கிற குரலில் கேட்டார்.

“அது தொலஞ்சிருச்சுன்னா? உடஞ்சிருச்சுன்னா? அப்ப இங்கனதான வரணும்?”

“கவலைப்படாதீங்க பெரியவரே. அச்சு நம்மகிட்டயே இருக்கும். ஒரு கார்டு போட்டீங்கன்னா புதுசு செஞ்சு தபால்ல அனுப்பிடுவேன். இதுக்காக அவ்வளவு தூரத்துல இருந்து வர வேண்டியதே இல்ல.”

நல்லவிதமாகத்தான் சொன்னார். அக்கம்மாளும் நல்லவிதமாகத்தான் சொன்னாள். பேச்சிமுத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

தட்டை மாட்டியதும் சுப்புத்தாயின் பேச்சு மாறிவிட்டது. வாய்க்குள் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டது மாதிரி எல்லாம் வழுக்கியது. எச்சில் ஊறியது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும், அதுவரைக்கும் எதையாவது சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே இரு, நாக்கு பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

நாலே காலுக்குக் கம்பம் பஸ் கிடைத்தது. வாசிக்கக் கையில் புத்தகம் இல்லை. செக்கானூரணி வரைக்கும் சும்மா வந்தவள், பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த போர்டுகளை வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. இங்கு பஞ்சர் ஒட்டப்படும். கலப்படமற்ற நல்லெண்ணெய். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வளைவு, ஒலி எழுப்பவும். சுவரில் பெரிதாக எழுதியிருந்த குடும்பக் கட்டுப்பாடு வாசகத்தைப் பாதி வாசித்துவிட்டு விழுங்கினாள். முன் சீட்டில் இருந்த பொம்பளை திரும்பிப் பார்த்து, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். பல் கட்டியிருக்கு என்றார் பேச்சிமுத்து.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். இந்த ரோட்டில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார். எல்லாப் போர்டும் அவருக்குத் தெரியும். மஞ்சள் போர்டு வந்தால் கணவாய், சிவப்புத் தகரம் வந்தால் உரக்கடை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை; கேட்டால் ஏதாவது மாற்றிச் சொல்லிவிடுவார்கள். இப்போது மகள் எழுத்தெழுத்தாகக் கடித்து, எச்சிலை விழுங்கிச் சொல்லச் சொல்ல, போர்டுகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. கோயில் போர்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது தீப்பெட்டி விளம்பரம். ஆஸ்பத்திரி என்று நினைத்தது கோழித் தீவனம். அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். அடுத்தது என்ன என்று கேட்டார். அவள் வைகை அணைக்குப் பிரிகிற ரோட்டின் போர்டை வாசித்தாள்.

தேனியில் கூட்டம் ஏறி இறங்கியது. வீரபாண்டி தாண்டும்போது வாசிப்பின் வேகம் குறைந்தது. ஒரு போர்டுக்கும் அடுத்த போர்டுக்கும் நடுவே தலை சாய்ந்தது. பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிப்போனாள். வாய் கொஞ்சம் திறந்து, முன்பல்லின் மேல் கம்பி மின்னியது. வயல் காற்று உள்ளே வந்தது. சின்னமனூருக்கு முன்னால், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், வாய்க்கால் கரையில் ஒரு போர்டு வந்தது. வெள்ளைத் தகரம், நீல எழுத்து, மேல் வரி பெரிது, கீழே இரண்டு வரி சிறிது. பேச்சிமுத்து அதையே பார்த்தார். அவளை எழுப்பக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார். போர்டு கிட்ட வந்தது, ஜன்னலைத் தாண்டியது. கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் எழுத்து இல்லை. வெறும் தகரம், துரு ஏறியிருந்தது. அதன் மேல் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது.