அளக்காத குட்டிகள்

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் டேவிட்சன் நேரே உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போவார். லேத் பட்டறையில் முப்பது வருடம் அளந்து பழகிய கை. வந்திறங்கிய சுறாக்களை மூக்கு முதல் வால் வரை டேப் பிடித்து அவர் அளந்து சொல்ல, சைதன்யா என்ற கல்லூரிப் பெண் நோட்டில் எழுதுவாள். இருவரும் தன்னார்வலர்கள்; சம்பளம் கிடையாது. கடலில் சுறா எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த விவரம் போகும். கடலே இல்லாத ஊரில் இதென்ன கூத்து என்று பட்டறையில் கேலி செய்தார்கள். பிடித்தது எங்கே போனதென்று தின்கிற ஊரில்தானே தெரியும் என்பார் மனிதர்.

மகள் ஜெனிதாவுக்குக் குழந்தை பிறந்ததும் வந்தது வினை. குட்டிச் சுறாவில் செய்த பால் சுறாப் புட்டு கொடுத்தால்தான் தாய்ப்பால் ஊறும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். குட்டிச் சுறாவை வாங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாயாயிற்றே! அதனால் சைதன்யா வருமுன்பே, வந்த குட்டிகளையெல்லாம் தனியே கட்டி வைக்கும்படி வியாபாரி நிஜாமின் காதில் போட்டுவிட்டார். நான்கு ஞாயிறு இப்படியே ஓடியது. நோட்டில் குட்டிகளுக்கான கட்டம் காலியாகவே இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு சைதன்யா வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"நம்ம நோட்டுலதானுங்க குட்டி அதிகமா இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்லீங்களே. குட்டி போடற மாசத்துல வலை வேண்டாம்னு ஆராய்ச்சிக்காரங்க மீனவங்ககிட்டப் பேசறதா இருந்தாங்க. இனி தேவையில்லைனு உட்டுப்போட்டாங்களாமுங்க."

நிஜாம், தான் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து டேவிட்சன் முன் வைத்தார்.

"ஏனுங்ணா, உங்க பட்டறைல அளக்காத பீஸை வெளிய உடுவீங்ளா?" என்றார், குரலை உயர்த்தாமல்.

சுருக்கென்றது. எந்த முகத்தோடு அந்தப் பெண்ணைப் பார்ப்பது? டேவிட்சன் பொட்டலத்தைப் பிரித்து, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி அளந்தார். முழங்கை நீளம்கூட இல்லை ஒன்றும்.

"ஆறு குட்டி, எழுதிக்க அம்மணி. போன நாலு வாரத்துல மட்டும் பத்தொம்பது. அதுக்கு அளவு தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். தின்னது எங்க ஊடு. எம் பேரையும் போட்டே அவங்களுக்கு அனுப்பு."

சைதன்யா நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினாள். டேவிட்சன் டேப்பைச் சுருட்டினார்.

"அடுத்தவன் சட்டிய எண்ண வந்தவன் மொதல்ல தன் ஊட்டுச் சட்டிய எண்ணோணும். நமக்குனு ஒண்ணை மறைச்சுப்போட்டா, மத்ததெல்லாம் அளந்து என்ன புண்ணியம்?"