வேறொருவர் பெயரில் இருந்த ட்ரோன்

ஒழுகும் கூரைகளை மேலிருந்து படம் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவள் பருந்தக்கா. ஒருநாள் ஒரு கிடங்கின் மேல் பறந்துகொண்டிருந்த அவளுடைய ட்ரோனில் மோட்டார் ஒன்று சட்டென்று நின்றது. ட்ரோன் கல்லடி பட்ட காக்கை மாதிரிச் சுழன்று விழுந்து சுக்குநூறானது. நல்லவேளை, உத்தரவாதக் காலம் முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் இழுத்தடித்து, ஒருவழியாக மாற்று ட்ரோன் கொடுத்தார்கள்.

"புதுசாப்பா?"

"புதுசு மாதிரிக்கா. உள்ள எல்லாத்தையும் மாத்திக் கம்பெனியே அனுப்பினது," என்றான் மெக்கானிக்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். பெட்டியைப் பார்த்ததுமே, "ரெண்டாம் தாரம்னு சொல்லு," என்று சிரித்தார்.

பதிவு செய்யாமல் பறக்கவிட்டால் உரிமமே போய்விடும். அன்றைக்கே இணையதளத்தில் ட்ரோனின் எண்ணைப் போட்டாள். 'இந்த எண் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியுள்ளது' என்று வந்தது. யார், எவர் என்று ஒரு விவரமும் இல்லை.

மறுநாள் மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "பழைய ஆளு ரத்து பண்ணாம விட்டிருப்பாருக்கா. நான் மேல எழுதிப் போடறேன். அதுக்குள்ள ஒழுங்கா பறக்குதான்னு இங்கயே பாத்துடலாம், எங்க மைதானத்துல சோதனைக்கு அனுமதி இருக்கு. இல்லன்னா நீங்க இன்னொரு தடவ அலையணும்."

சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் அவர்களுடைய சோதனை மைதானம் இருந்தது. ட்ரோன் எழுந்தது. ஆள் உயரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போகத் தொடங்கியது. அவள் இழுத்துப் பார்த்தாள், திரும்பி வரும் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். எதையும் அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடுமாற்றமும் இல்லை. வீடு திரும்புகிறவனைப் போல நிதானமாகப் போனது. திரையில் ஆறு வந்தது, ரயில் பாதை வந்தது, நெருக்கமான வீடுகள் வந்தன. ஒரு வீட்டின் மேல் வேகம் குறைந்தது. மொட்டை மாடியில் வெள்ளைச் சாயத்தில் ஒரு வட்டம். அதன் நட்டநடுவில் இறங்கியது.

மாடிக் கதவு திறந்தது. ஒரு பெண்ணின் வெறுங்கால்கள் நடந்து வந்து கேமராவுக்கு முன்னால் நின்றன. அத்தோடு திரை இருண்டுவிட்டது.

திரை கடைசியாகக் காட்டிய இடத்தை மெக்கானிக்கின் பைக்கில் தேடிக்கொண்டு போனார்கள். மணியில் கை வைப்பதற்குள் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"மாடியில இருக்கும்மா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பையன் போனதுக்கப்புறம் என் சம்சாரம் இன்னைக்குத்தான் படியேறியிருக்கா."

ஒரே மகன். ட்ரோனில் படம் எடுப்பதுதான் அவனுக்கும் பிழைப்பு. நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். வண்டியில் இருந்த ட்ரோனை இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப் போனார்களாம். பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் படியில் உட்கார்ந்து, பையிலிருந்த மடிக்கணினியில் ட்ரோனின் பறப்புப் பதிவைத் திறந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, திரும்ப வேண்டிய இடம்னு நம்ம மைதானம்தான் பதிஞ்சிருக்கு. இதோட மூளை, அந்த போர்டு கூடப் புதுசு. இங்க வர்றதுக்கு இதுக்கு ஒரு காரணமும் இல்லக்கா."

மாடியில் அந்த அம்மா வட்டத்துக்குள் உட்கார்ந்து, ட்ரோனை மடியில் வைத்து, இறக்கையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு லேட்டு," என்றார், திரும்பாமலே. "சாப்பாடு ஆறிப்போச்சு."

பருந்தக்கா மாடிக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பதிவு விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ரத்து பண்ணணும்னு எங்களுக்குத் தோணவே இல்லம்மா," என்றார் பெரியவர். "அவன் போன் என்கிட்டதான் இருக்கு. இப்பவே பண்ணிடறேன்."

"வேணாம்!" என்றார் அந்த அம்மா. "பேரை எடுத்துட்டா அவனுக்கு வழி தெரியாமப் போயிடும்."

பருந்தக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இருக்கட்டும்மா, நீங்களே வச்சுக்குங்க. நான் வேற கேட்டு வாங்கிக்கறேன்." மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தான். அவள் முறைத்த முறைப்பில் விழுங்கிக்கொண்டான்.

வெயில் மங்கியது. அந்த அம்மா மெல்லக் கேட்டார். "ஆத்தைத் தாண்டியா வந்துச்சு?"

"ஆமாம்மா."

"காத்து பலமா இருந்துச்சே."

"இருந்துச்சும்மா."

"அவ்வளவு தூரம் தனியாவா?"

அந்த அம்மாவின் கட்டைவிரல் பழகிய மாதிரி ஓரத்தை அழுத்தி பேட்டரியை உருவியது. மின்னிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

"ரத்து பண்ணிடுங்க," என்றார் கணவரிடம். "புள்ளையை இப்படி அலைய விடக் கூடாது."

பெரியவர் போனை எடுத்தார், அழுத்தாமல் மகன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாதான் போனை வாங்கி அழுத்தினார்.

ட்ரோன் பருந்தக்காவின் பெயருக்கு மாறியது. பிறகு ஒரு தடவைகூட வழி தவறவில்லை, சொன்னதைக் கேட்டது. ஆனாலும் அதை மேலே ஏற்றும்போதெல்லாம் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள்.

ஒரு மாலை, வேலை முடிந்து பெட்டியை மேஜையில் வைத்த கையோடு போன் அடித்தது. அந்தப் பெரியவர்.

"இந்தப் பக்கம் வேலையாம்மா?"

"இல்லையே ஐயா. வீட்டுலதான் இருக்கேன்."

"மாடி மேல சத்தம் கேக்குது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அவ எனக்கு முன்னாடி மேல ஓடிட்டா."

பெட்டியைத் திறந்தாள். ட்ரோன் ஒரு பக்கமும் பேட்டரி ஒரு பக்கமுமாகக் கிடந்தன. போனில் அந்தச் சத்தம் தெளிவாக வந்தது. காற்றை எதிர்த்து வேகம் குறைத்து இறங்கும் நான்கு இறக்கைகளின் சத்தம். வருஷக்கணக்காக அதோடு பிழைத்தவள், அவளுக்கு அதில் சந்தேகம் வராது. சத்தம் நின்றது. தூரத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "மெதுவா, மெதுவா..."

"நான் என்னம்மா பண்றது?" என்றார் பெரியவர்.

"மேல போங்க ஐயா. அவங்களைத் தனியா விடாதீங்க."

படியேறும் காலடிகள் கேட்டன. அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. யார் போனில் என்று கேட்டுக்கொண்டே வந்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த முனையில் அந்த அம்மாவின் குரல் அடங்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.